பட்டனை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை

கடிதக் கட்டைப் பிரித்தால் பாதிக்குப் பாதி ஒரே வாக்கியம்: "கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை." டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன மருந்து எழுதுவார்? விளக்கு எரிந்ததா, ஃபேன் சுற்றியதா, பீப் கேட்டதா, திரையில் ஒரு எழுத்தாவது வந்ததா என்று கவனித்து எழுதியவர்களுக்குத்தான் இந்த இதழில் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு முறை எழுதுங்கள்.

கேள்வி: சார், எங்கள் வீட்டு கம்ப்யூட்டருக்கு எட்டு வயது. நேற்று இரவு ஒழுங்காக ஷட்டவுன் செய்து, சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, சத்தம் இல்லை. தெரிந்தவர் ஒருவர் போனிலேயே கேட்டுவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார்.

பதில்: சார் இல்லை, மேடம். பரவாயில்லை, இருபது வருடமாக ஸ்குரூடிரைவர் பிடிப்பவளுக்கு இது பழகிப்போனது.

போனிலேயே மதர்போர்டுக்கு, அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகைக்கு, மரணச் சான்றிதழ் எழுதுகிறவரை நம்பாதீர்கள். வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவரில் செருகுங்கள். அந்தப் பிளக் பாயின்ட்டில் ஒரு விளக்கைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். மானிட்டரின் பவர் கார்டும் கேபினெட்டின் பவர் கார்டும் பெரும்பாலும் ஒரே வகைதான், மாற்றிப் போட்டுப் பாருங்கள். அடுத்து கேபினெட்டின் பின்பக்கம், கார்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கோடும் வட்டமும் போட்ட சின்ன சுவிட்ச் இருக்கும். கோட்டுப் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். சிரிக்காதீர்கள். ஒருமுறை பை நிறையக் கருவிகளோடு ஒரு வீட்டுக்குப் போய், அந்தச் சுவிட்சை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். சுத்தம் செய்யும்போது துணி பட்டு அணைந்திருக்கிறது. வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏதோ லூஸ் கனெக்‌ஷன்னு வீட்ல சொல்லிடுங்க மேடம்" என்றார். சொன்னேன்.

இதெல்லாம் சரியாக இருந்தால், கார்டைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்னூட்டம் வடியும். வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஏதோ அதிர்ச்சியில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருந்தால் அதுவும் விடுபடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முயலுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். கார்டைச் செருகி சுவிட்சைப் போட்டதும், பட்டனை அழுத்துவதற்கு முன்பே, மதர்போர்டில் ஒரு குட்டி விளக்கு எரிகிறதா? எல்லா போர்டிலும் இந்த விளக்கு இருக்காது. இருந்து எரிந்தால் நல்ல செய்தி. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் காத்திருக்கும் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது என்று அர்த்தம். அப்போது என் முதல் சந்தேகம் முன்பக்கப் பட்டன் மேல்தான். எட்டு வருடம் தினம் அழுத்துப்பட்ட பொருள் அது. அந்தப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். எந்த இரண்டு என்று போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். ஒயரை உருவிவிட்டு, அந்த இரண்டு ஊசிகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் கோளாறு பட்டனில். ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து அந்த ஊசிகளில் மாட்டிவிடுங்கள், இனி ரீசெட்தான் உங்கள் பவர் பட்டன். செலவே இல்லை. என் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் பல வருடம் இப்படித்தான் ஓடியது.

விளக்கும் இல்லை, ஊசியைத் தொட்டாலும் அசைவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மதர்போர்டுக்குப் போகும் அகலமான 24 ஊசி கனெக்டரைக் கழற்றுங்கள். அதில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பச்சையையும் ஏதாவது ஒரு கறுப்பையும் வளைத்த ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டு, பிறகு மின்சாரம் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. முழு ஆரோக்கியம் என்று சொல்ல முடியாது, அதற்கு மல்டிமீட்டர் வேண்டும்: மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட், ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம். மஞ்சளில் 11.4க்குக் கீழே காட்டினால் மாற்ற வேண்டியதுதான். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கிற புது மாடல் என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள், தப்பான ஊசியைத் தொட்டு வம்பை வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்குத் துப்பு கொடுக்கிறது. இரவு சுவர் சுவிட்சை அணைத்திருக்கிறீர்கள். வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்கள் தளர்ந்திருந்தால், சூடாக இருக்கும் வரை சமாளித்து ஓடும். முழுதாக ஆறிவிட்டால் எழாது. "நேற்று நன்றாகத்தானே இருந்தது" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். என் பந்தயம் எஸ்எம்பிஎஸ் மேல். ஆனால் அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்சாரம் வைத்திருக்கும். முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: லீவு நாளில் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினேன். அப்புறம் ஃபேன் எல்லாம் ஜோராகச் சுற்றுகிறது, மானிட்டரில் "நோ சிக்னல்". ஒரு நீளமான பீப், பின்னால் இரண்டு குட்டி பீப். சுத்தம் செய்தது தப்பா?

பதில்: சுத்தம் செய்ததில் தப்பில்லை, எதையோ அசைத்துவிட்டீர்கள். அதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது.

ஆன் செய்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்பு, மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ஒரு பரிசோதனை நடத்தும். பிராசசர் இருக்கிறதா, ரேம் இருக்கிறதா, படம் காட்ட கார்டு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும். டிஸ்பிளேயே இல்லாதபோது குறையை எங்கே எழுதிக் காட்டுவது? அதனால்தான் பீப். 1981ல் ஐபிஎம் பிசி வந்த நாளிலிருந்தே இந்தப் பழக்கம் இருக்கிறது. ஒன்று நீளம் இரண்டு குட்டை என்றால் பல பயாஸ்களில் டிஸ்பிளே கோளாறு. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பாஷை இல்லை, அதனால் மதர்போர்டு கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போகட்டும். கிராஃபிக்ஸ் கார்டின் ஸ்குரூவைக் கழற்றி, ஸ்லாட்டின் கடைசியில் இருக்கும் சின்னக் கொக்கியை விடுவித்து, கார்டை எடுத்து மறுபடி அழுத்தி உட்கார வையுங்கள். கொக்கி "டக்" என்று பூட்ட வேண்டும். கார்டுக்குத் தனியாக 6 அல்லது 8 ஊசி பவர் ஒயர் இருந்தால் அதையும் பாருங்கள். தூசி தட்டும்போது இதைக் கழற்றி, திரும்ப மாட்ட மறப்பது சகஜம். இன்னொன்று: மானிட்டர் ஒயரை எங்கே செருகினீர்கள்? கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டியதை மதர்போர்டின் துளையில் செருகினால், எல்லாம் நன்றாக இருந்தும் திரை கறுப்பாகவே இருக்கும். இந்தத் தவறை நானே செய்து, மேசைக்கு அடியில் அரை மணி நேரம் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

பீப்பே வராமல் இதே அவதிப்படுகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய பல கேபினெட்டுகளில் ஸ்பீக்கரே கிடையாது. அதற்குப் பதில் சில மதர்போர்டுகளில் பிராசசர், ரேம், டிஸ்பிளே, பூட் என்று நான்கு பொடி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எதில் எரிந்துகொண்டே நிற்கிறதோ அங்கே கோளாறு. ரேம் விளக்கு என்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு அடுத்ததை. பிராசசர் பக்கத்தில் 4 அல்லது 8 ஊசி கொண்ட தனி பவர் ஒயர் ஒன்று உண்டு. அது கழன்றிருந்தாலும் ஃபேன் சுற்றும், வேறு எதுவும் நடக்காது. டிடிஆர்5 என்ற வகை ரேமைப் புதிதாகப் போட்டவர்கள் பதற வேண்டாம். முதல் தடவை ரேமோடு பழகிக்கொள்ள மதர்போர்டுக்குச் சில நிமிடம் பிடிக்கும். கறுப்புத் திரையைப் பார்த்து நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

கேள்வி: சென்ற இதழில் ரேமின் தங்கநிறப் பற்களை பென்சில் ரப்பரால் துடைக்கச் சொன்னீர்கள். எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் என் மகள், "யாரும்மா இப்படி எழுதுறது?" என்கிறாள்.

பதில்: மகள் பக்கம்தான் நியாயம். அந்தப் பற்களில் இருப்பது மிக மெல்லிய தங்க முலாம். ரப்பர் அதைச் சுரண்டும், துகள் ஸ்லாட்டுக்குள்ளும் விழும். மை அழிக்கும் நீல ரப்பர் என்றால் கிட்டத்தட்ட உப்புத்தாள்தான். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் பிரியாத துணியில் தொட்டுத் துடைப்பதே சரி.

இத்தனை வருடம் ரப்பர் வைத்தியம் எப்படிப் பலித்தது என்று நானும் யோசித்தேன். ரேமைக் கழற்றி மாட்டியதே பாதி நேரம் வைத்தியமாக இருந்திருக்கும், பெயரை ரப்பர் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. அதனால் முதலில் வெறுமனே கழற்றி மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. எஃப்1 அழுத்து என்கிறது. அழுத்தினால் வருகிறது, ஆனால் பல இணையதளங்கள் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுக்கின்றன. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, பட்டன் செல். மதர்போர்டில் வட்டமாக வெள்ளிக்காசு போல இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், எண்ணே அளவைச் சொல்லிவிடுகிறது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். தேதி தப்பினால் இணையதளங்களின் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். செல்லை மாற்றும் முன் பயாஸ் அமைப்புகளை எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஹார்டு டிஸ்க் முறை மாறிப்போனால் விண்டோஸ் எழாமல் அடம்பிடிக்கும், அப்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

கேள்வி: கம்பெனி லோகோ வருகிறது, அப்புறம் கறுப்புத் திரையில் "பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்". உள்ளே டிக், டிக் என்று சத்தம். பிள்ளை பிறந்ததிலிருந்து ஐந்து வருடப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் எடுத்துப்போக வருகிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இதைப் படித்த நிமிடமே கம்ப்யூட்டரை அணையுங்கள், இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கவும் வேண்டாம்.

டிக் சத்தம் இல்லாமல் அந்தச் செய்தி மட்டும் வந்திருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். செருகி மறந்த பென்டிரைவ் ஒன்று போதும். அதைப் பிடுங்கினால் சரியாகிவிடும். அல்லது எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் எழ வேண்டும் என்று பயாஸில் இருக்கும் பூட் வரிசை மாறியிருக்கும், அல்லது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா ஒயர் தளர்ந்திருக்கும். ஆனால் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்றால், தட்டின் மேல் தகவலைப் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்ப் போய் முட்டித் திரும்புகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அந்த முனை தட்டைக் கீறும் ஆபத்து இருக்கிறது. கீறின இடத்தில் இருந்த படம் திரும்ப வராது.

ஃபார்மட் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும், எனக்குப் பெருமையான கதை இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆராய்ச்சி மாணவியின் கம்ப்யூட்டர் வந்தது. விண்டோஸ் எழவில்லை. நான் கெட்டிக்காரி அல்லவா, ஒரு மணி நேரத்தில் ஃபார்மட் செய்து, புது விண்டோஸ் போட்டு, திரையைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்து மவுஸை எடுத்து இரண்டு முறை கிளிக் செய்தாள். பிறகு என்னைப் பார்த்து, "என் தீசிஸ் எங்கே?" என்றாள். நான் கேட்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியது அவள் வேலையும் இல்லை. மென்பொருளை வைத்து நோண்டி கொஞ்சம் மீட்டேன், இரண்டு அத்தியாயம் வரவே இல்லை. அன்றிலிருந்து என் மேசைக்கு எந்தப் பெட்டி வந்தாலும், "என்ன கோளாறு?" என்று கேட்பதற்கு முன் "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். உங்களிடம் வருகிறவர் அப்படிக் கேட்டாரா?

டிக் சத்தம் வந்த டிஸ்க்கை வீட்டில் வைத்து எதுவும் செய்யாதீர்கள். ஃபிரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று யாராவது சொல்வார்கள். உள்ளே ஈரம் படிந்து, இருப்பதும் போகும். படங்கள் முக்கியம் என்றால், தூசியில்லாத அறை வைத்து டிஸ்க்கைத் திறக்கும் தகவல் மீட்பு நிலையம்தான் வழி. செலவு அதிகம், உத்தரவாதமும் இல்லை. ஆனால் வேறு யாரும் கை வைப்பதற்கு முன்பு போனால்தான் வாய்ப்பு.

சத்தம் இல்லாமல் டிஸ்க் தடுமாறுகிறது, பயாஸில் அதன் பெயர் தெரிகிறது என்ற நிலையில் இருப்பவர்கள், வேறு கம்ப்யூட்டரில் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்யுங்கள். நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்தே ஓடட்டும். பழைய டிஸ்க்கைத் திறந்து முக்கியமானதை முதலில் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் போடாதீர்கள், நடுவில் டிஸ்க் நின்றால் சினிமா வந்திருக்கும், பிள்ளை படம் வந்திருக்காது. நகலெடுத்த பிறகுதான் பிழை திருத்தும் சோதனைகள் எல்லாம். அந்தச் சோதனைகள் பலவீனமான டிஸ்க்கை மூச்சு வாங்க ஓட வைக்கும்.

கேள்வி: ஆன் ஆகிறது, ஐந்து நொடியில் அணைகிறது, தானே மறுபடி ஆன் ஆகிறது. ஓயாமல் இதே கதை.

பதில்: பிராசசர் மேல் இருக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கைத் தொட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஊசிகளால் மாட்டும் வகையில் நான்கில் ஒன்று கழன்றாலே போதும், பிராசசர் சில நொடியில் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். கழன்றிருந்தால் இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மாட்டுங்கள். ஹீட்சிங்க் ஆடாமல் கெட்டியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ரேம், அதற்கடுத்து எஸ்எம்பிஎஸ். சமீபத்தில் கேபினெட் மாற்றியிருந்தால் மதர்போர்டுக்கு அடியில் ஸ்குரூ ஏதாவது விழுந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: லேப்டாப். சார்ஜர் விளக்கு எரிகிறது, ஃபேன் சத்தம் லேசாகக் கேட்கிறது, திரை மட்டும் கறுப்பு.

பதில்: அறையை இருட்டாக்கி, திரையில் சாய்வாக டார்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் லேப்டாப் நன்றாகவே எழுந்திருக்கிறது, திரையின் பின்னொளிதான் போயிருக்கிறது. எதுவும் தெரியாவிட்டால் டிவியிலோ வேறு மானிட்டரிலோ இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் கோளாறு திரையிலோ அதற்குப் போகும் ஒயரிலோ. அங்கும் இல்லை என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் பிடித்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: அப்டேட் ஆன பிறகு "தானியங்கிப் பழுதுநீக்கம்" என்று நீலத் திரை வந்து வந்து சுற்றுகிறது. இப்போது 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த எண்ணும் வைக்கவில்லையே?

பதில்: நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸே வைத்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்படும். அதன் சாவிதான் அந்த எண். போனிலிருந்து அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்புச் சாவி பகுதியைத் தேடுங்கள். பிள்ளையோ அலுவலகமோ அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர் என்றால் அவர்கள் கணக்கில் இருக்கும். சாவி கிடைத்ததும் கூடுதல் தேர்வுகளுக்குள் போய், கடைசி அப்டேட்டை நீக்கும் தேர்வை முதலில் முயலுங்கள். அதில் சரியாகாவிட்டால், அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் சேஃப் மோட். "ரீசெட்" என்ற தேர்வு கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும், நகல் இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். இப்போது நன்றாக ஓடும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும் இன்றே அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

கேள்வி: என் கம்ப்யூட்டர் பட்டனுக்கு மசியாது. பக்கவாட்டில் ஓங்கி ஒன்று தட்டினால் உடனே எழுந்துவிடும். இப்படியே தொடரலாமா?

பதில்: உள்ளே சுற்றும் ஹார்டு டிஸ்க் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். அது நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்றில் ஓடும், படிக்கும் முனைக்கும் தட்டுக்கும் நடுவே முடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இடைவெளி இல்லை. சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி மட்டும்தான் என்றால் அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் தட்டி எழுகிறது என்றால் ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது. அடுத்த கடிதத்தில் எந்தப் பக்கம், மேலா கீழா, எந்த இடத்தில் தட்டுகிறீர்கள் என்று ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். கேபினெட்டைத் திறந்தால் அந்த இடத்துக்கு நேராக எந்த ஒயர் இருக்கிறது என்றும் குறித்துவிடுங்கள்.